காங்கிரஸுக்குப் போகும் அறிக்கைகள் காகிதத்தை விட்டு வரும்போது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்காவில் கூட்டாட்சித் துறைகள் காங்கிரஸுக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு, கட்டாயம் தர வேண்டிய அறிக்கைகள் மின்வடிவுக்கு மாறுவதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அரசு ஆவணங்களை வகைப்படுத்தும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

காகிதத்தில் இத்தனை காலம் நடந்ததுதானே, என்ன குறை?

அறிக்கை சபாநாயகரிடம் வரும், காங்கிரஸில் அந்தத் துறையைக் கவனிக்கும் குழுவுக்குப் போகும், காங்கிரஸ் நடவடிக்கைக் குறிப்பில் எண்ணோடு சின்னதாய் ஒரு பதிவு வரும். வெளியில் இருப்பவருக்குக் கிடைத்த தடயம் பெரும்பாலும் அவ்வளவுதான். முழு அறிக்கை வேண்டுமென்றால் குழு அலுவலகத்தையோ துறையையோ கேட்டு அலைய வேண்டும். மக்கள் பணத்தில் எழுதியது, மக்களுக்கே எட்டாமல் அலமாரியில் கிடந்தது. இது எனக்கு எப்போதுமே உறுத்திய விஷயம்.

புதிதாகச் சட்டம் வந்திருக்கிறதாமே?

ஆமாம். 2022 டிசம்பரில், பாதுகாப்புத் துறைக்கான ஆண்டுச் சட்டத்தோடு சேர்ந்து நிறைவேறியது. துறைகள் காங்கிரஸுக்கு அறிக்கை கொடுத்த 30 முதல் 60 நாளுக்குள் அதன் மின்பிரதியை அரசு வெளியீட்டு அலுவலகத்துக்கும் தர வேண்டும். அந்த அலுவலகம் எல்லாவற்றையும் ஒரே இணையதளத்தில் இலவசமாக வைக்கும். 1861 முதல் அச்சடித்து வந்த அலுவலகம் அது. 2014-இல் பெயரில் இருந்த ‘அச்சு’ போய் ‘வெளியீடு’ வந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறோம். அது போதாதா?

போதாது. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஒரு முறை எழுபது பக்க அறிக்கை ஒன்று என் கைக்கு வந்தது. கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்து போட்டு, மறுபடி ஸ்கேன் செய்திருந்தார்கள். பக்கங்கள் சாய்ந்திருந்தன. ‘பெறப்பட்டது’ முத்திரை செலவு அட்டவணையின் கூட்டுத்தொகை மேலேயே விழுந்திருந்தது. அது 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் வரி வரியாகக் கூட்டிப் பார்த்தேன். தேடினால் ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை, பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கோ அது வெறும் படம். மூலக் கோப்பை அப்படியே அனுப்பியிருந்தால் இத்தனையும் மிச்சம். அதனால்தான் சட்டமே திறந்த வடிவக் கோப்பு, அதாவது குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் மென்பொருளை நம்பியிராத கோப்பு, கேட்கிறது. அட்டவணைகளைத் தனி விரிதாளாகவும் கொடுங்கள். குழு ஊழியர் சென்ற வருடக் கணக்கோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்.

ரகசியத் தகவல் வெளியே போய்விடாதா?

அமெரிக்கத் தகவல் அறியும் சட்டத்தில் விலக்கு பெற்ற பகுதிகளை நீக்கித்தான் வெளியிடுவார்கள்.

காகிதத்தில் மை கையெழுத்து இருக்கும். கோப்பை யாராவது மாற்றிவிட்டால்?

நல்ல கேள்வி. வெளியீட்டு அலுவலகம் பி.டி.எஃப் கோப்புகளில் மின்கையொப்பம் இடுகிறது. கழுகுச் சின்னம் தெரியும், ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பு காட்டிக்கொடுத்துவிடும். 2008 பிப்ரவரியில் வந்த 2009 நிதியாண்டு பட்ஜெட்டே இப்படிக் கையொப்பத்தோடு வந்தது. மைக்கு இந்த வசதி கிடையாது.

யாருமே படிக்காத அறிக்கைகளையும் மாற்ற வேண்டுமா?

தேவையில்லாததை முதலில் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். 1995-இல் காங்கிரஸே ஒரு சட்டம் போட்டு ஏராளமான காலமுறை அறிக்கைகளுக்கு முடிவுநாள் குறித்தது. ஆனால் ‘யாரும் படிப்பதில்லை’ என்று துறை சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். கிடைக்காத அறிக்கையை யார் படிப்பார்கள்?

ஒரு துறை அறிக்கை கொடுக்கவே இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

யார் யார் என்னென்ன அறிக்கை தர வேண்டும் என்ற பட்டியலைக் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் செயலர் ஒவ்வொரு காங்கிரஸ் அமர்வுக்கும் வெளியிடுகிறார். அதை ஒரு பக்கம், வெளியீட்டு அலுவலகத்தின் இணையத் தொகுப்பை இன்னொரு பக்கம் திறந்து வையுங்கள். முதலில் உங்களுக்குத் தெரிந்த ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இருந்து தொகுப்பில் இல்லாததைக் குறித்து, உரிய குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். சில அறிக்கைகளுக்கு விலக்கு உண்டு, அதனால் குற்றம் சாட்டாமல் ‘எங்கே இருக்கிறது?’ என்றே தொடங்குங்கள்.