எடை குறைக்கும் ரியாலிட்டி ஷோவில் வருவதுபோல, நாலு மாதத்தில் ஃபுல் மாரத்தான் ஓடி 30 கிலோ குறைக்க முடியுமா?

முடியாது. முயன்றால் முட்டிதான் போகும்.

98 கிலோ இருக்கிறேன், ‘தி பிக்கஸ்ட் லூசர்’ பழைய சீசன்களை வரிசையாகப் பார்த்ததில் ஆசை வந்துவிட்டது, ஜனவரி சென்னை மாரத்தானுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. எங்கள் ஓட்டக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் ஏதோ ஒரு டி.வி. நிகழ்ச்சியையோ ரீல்ஸையோ பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வாந்தி வரும்வரை ஓடினால்தான் அது பயிற்சி என்ற நினைப்போடு முதல் நாளே பாய்கிறார்கள். மூன்றாவது வாரம் ஆளைக் காணோம்.

அந்த நிகழ்ச்சி 2004-ல் அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் தொடங்கியது. ஜெயித்தவருக்கு இரண்டரை லட்சம் டாலர். வாராவாரம் மேடையேற்றி எடை பார்ப்பார்கள். குறைவாக இறங்கியவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். வெயிட் மெஷினுக்குக் கொழுப்பு, தசை, தண்ணீர் எல்லாம் ஒன்றுதான் என்பதை அங்கே இருந்தவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். நாலாவது சீசனில் ஒரு போட்டியாளர் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறி, ஒரே வாரத்தில் 17 பவுண்டு கூடிக் காட்டினார். கிட்டத்தட்ட 8 கிலோ! அடுத்த வாரம் அந்தத் தண்ணீர் இறங்கியதும் அதுவும் ‘எடை குறைப்பு’ கணக்கில் சேர்ந்தது. முதல் சீசனில் ஜெயித்த ரயன் பென்சன், கடைசி எடை பார்ப்பதற்கு முன்னால் பட்டினி கிடந்து, உடம்பில் தண்ணீர் வற்றி, சிறுநீரில் ரத்தம் வரும் நிலைக்குப் போனதாகப் பின்னால் தானே சொன்னார். திரையில் ‘இந்த வாரம்’ என்று வந்தது எப்போதும் ஏழு நாளாக இருக்கவில்லை என்றும் முன்னாள் போட்டியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். நான் எல்லாருக்கும் சொல்லும் கணக்கு இதுதான்: ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி செலவாகும். உங்கள் 98 கிலோவை வைத்துக்கொண்டு 42.2 கிலோமீட்டரையும் ஓடி முடித்தால் ஏறத்தாழ 4,100 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. அதாவது, ஒரு முழு மாரத்தான் உங்களிடமிருந்து எடுக்கக்கூடியது அதிகபட்சம் அரை கிலோ கொழுப்பு. அன்று மாலை மெஷினில் ஏறினால் இரண்டு மூன்று கிலோ குறைந்திருக்கும். அது வியர்வை, ரெண்டு நாளில் திரும்பிவிடும். திரையில் ஒருவர் வாரத்துக்கு நாலரை கிலோ குறைந்ததாகக் காட்டினால், அவ்வளவும் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை ஓடியே எரிக்க நீங்கள் அந்த ஒரு வாரத்தில் எட்டு மாரத்தான் ஓட வேண்டும். 200 கிலோ ஆளுக்கு நாலு மாரத்தான் போதும். போட்டியாளர்கள் ஆரம்பத்தில் மளமளவென்று இறங்குவதற்கு அந்தப் பெரிய உடம்பும் ஒரு காரணம், சாப்பாட்டைக் கடுமையாக வெட்டியது இன்னொரு காரணம். ஓட்டம் என்பது கேமராவுக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். தட்டில் சோறு குறைவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

பின்னாளில் சில சீசன்களில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை முழு மாரத்தானும் ஓடவைத்தார்கள். உங்களைக் கவர்ந்தது இந்தப் பகுதிதான் என்று தெரிகிறது. 2009 நவம்பரில் வந்த ஒரு சிறப்பு எபிசோடில், முன்னாள் போட்டியாளர் ஒருவர் 3 மணி 53 நிமிடத்தில் மாரத்தானை முடித்ததாகக் காட்டினார்கள். நடுவில் சுமார் மூன்று மைல் தூரம் அவர் படப்பிடிப்புக் குழுவின் வண்டியில் போனது அப்புறம்தான் வெளியே வந்தது.

இதில் எனக்குக் கோபம் அந்த மனிதர்மேல் இல்லை. மூன்று மைலைக் கழித்து நான் போட்டுப் பார்த்த கணக்கில், வண்டி ஏறாமல் ஓடியிருந்தால் அவர் நாலேகால் மணி நேரத்தை ஒட்டி முடித்திருப்பார். அவ்வளவு எடையைக் குறைத்துவிட்டு வந்த ஒருவருக்கு அது பிரமாதமான நேரம். சென்னைப் புழுக்கத்தில் ‘சப் ஃபோர்’, அதாவது நாலு மணிக்குள் முடிப்பது, என்பதற்காக வருஷக்கணக்கில் விடியற்காலை எழுந்து ஓடும் ஆட்களை எனக்குத் தெரியும். உண்மையான நேரத்தையே காட்டியிருந்தால் அவருக்கும் மரியாதை, ஓட்டத்துக்கும் மரியாதை.

அதே 2009-ல் எட்டாவது சீசனின் முதல் எபிசோடில், அதுவரை உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களைக் கடற்கரையில் ஒரு மைல் ஓட்டப் பந்தயத்தில் விட்டார்கள். இருவர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதில் ஒருவரை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். பழகாத உடம்பை வெயிலில் இப்படி விரட்டினால் தசைநார்கள் சிதைந்து, அதிலிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போகும். அப்படிப் போனால் வீட்டில் இளநீர் குடித்துக்கொண்டு உட்காராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த எட்டாவது சீசனில் ஜெயித்தவர் டேனி காஹில். சுமார் 195 கிலோவிலிருந்து ஏழே மாதத்தில் 87 கிலோவுக்கு வந்தார். நிகழ்ச்சி அந்த மேடையோடு முடிந்துவிடுகிறது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் அங்கே விடவில்லை. அந்த சீசனின் 14 பேரை ஆறு வருடம் கழித்துக் கூப்பிட்டு அளந்தார். முடிவுகள் 2016-ல் வெளிவந்தன. சராசரியாக 149 கிலோவில் தொடங்கி 91-க்கு இறங்கியவர்கள், ஆறு வருடத்தில் 132-க்குத் திரும்பியிருந்தார்கள். காஹிலும் 45 கிலோவுக்குமேல் ஏறியிருந்தார். இன்னொரு விஷயம்தான் எல்லாரையும் அதிரவைத்தது. ஓய்வாக இருக்கும்போது அவர்கள் உடம்பு எரித்த கலோரி, அந்த எடையும் வயதும் உள்ள மற்றவர்களைவிடத் தினம் சுமார் 500 குறைவு. ஒரு மசால் தோசையும் ஒரு காபியும் மாதிரி. அதைத் தினமும், ஆயுசுக்கும் கழித்துக்கொண்டே சாப்பிட வேண்டும் என்றால் யாரால் முடியும்? ‘மனவுறுதி இல்லை’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் ஹால் குழு 2017-ல் வெளியிட்ட அடுத்த ஆய்வை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதே ஆட்களில், குறைத்த எடையை ஓரளவு தக்கவைத்தவர்கள், மற்றவர்களைவிடத் தங்கள் அன்றாட உடலுழைப்பை வெகுவாகக் கூட்டியிருந்தார்கள். அதனால்தான், ‘ஓடாதீர்கள்’ என்று நான் சொல்லவில்லை. எடையை இறக்குவது பெரும்பாலும் சமையலறை வேலை. இறங்கியதை ஏறவிடாமல் பிடிப்பதில் ஓட்டம் நன்றாக உதவும். எங்கள் குழுவில் வருஷாவருஷம் ஹாஃப் மாரத்தான் ஓடியும் தொப்பை ஒரு இஞ்ச்கூடக் குறையாத அண்ணன்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் முடிந்து பெசன்ட் நகரில் பொங்கல், ரெண்டு வடை, அப்புறம் இன்னொரு வடை என்று அவர்கள் உட்காரும் அழகைப் பார்த்தால் காரணம் விளங்கும். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உங்களுக்கு: முதலில் ஒரு டாக்டரிடம் பி.பி., சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். ஜனவரிக்கு ஃபுல்லை மறந்துவிட்டு 10 கிலோமீட்டர் பிரிவில் பதிவு செய்யுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி அரை மணி நேரம். மூச்சும் இதயமும் சில வாரத்திலேயே தேறிவிடும், ‘இன்னும் ஓடலாமே’ என்று தோன்றும். தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்கில் ஆகும். முழங்கால், கணுக்கால், முன்னங்கால் எலும்பு வலியெல்லாம் இந்த இடைவெளியில்தான் வருகிறது. தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், இதை எந்த டி.வி.யும் காட்டாது. ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகம் அதிகம், நடங்கள். பேச ஆள் இல்லையென்றால் எங்கள் குழுவுக்கு வாருங்கள், காலை ஐந்து மணி, எலியட்ஸ் பீச்.