எச்-4 விசாவில் அமெரிக்கா வந்த மனைவிக்கு கிரெடிட் ஹிஸ்டரியை எங்கிருந்து தொடங்குவது?

கணவர் ஒருவர் கேட்ட கேள்வி, சுருக்கமாக: அவருக்கு எச்-1பி (வேலை விசா). மனைவி எச்-4இல் (அவரைச் சார்ந்து வருபவருக்கான விசா) வந்து இரண்டு மாதம் ஆகிறது. எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இல்லை, சம்பளமும் இல்லை. கணவரின் கார்டில் பெயரைச் சேர்த்தால் போதுமா, தனிக் கார்டு வாங்க வேண்டுமா?

இரண்டும் வேண்டும். கிரெடிட் ஹிஸ்டரி என்பது கடனையும் கார்டு பாக்கியையும் எப்படிக் கட்டினோம் என்ற பதிவு; அதை வைத்துப் போடும் மதிப்பெண்தான் ஸ்கோர். உங்கள் கார்டில் சேர்ப்பதை இந்த வாரமே செய்துவிடலாம். ஆனால் அது கொழுகொம்புதான். கொடி தன் வேரில் வளர அவர் பெயரிலேயே ஒரு கணக்கு இருந்தாக வேண்டும். நாளைக்கு அவர் தனியாக வாடகைக்கு வீடு பிடிக்கவோ கார் லோன் கேட்கவோ நேர்ந்தால், உங்கள் ஸ்கோர் 800 இருப்பதால் அவருக்குப் பயனில்லை. இங்கே கணவன், மனைவிக்குக் கூட்டு ஸ்கோர் என்று ஒன்று கிடையாது.

கார்டுக்கு முன்னால் பெயரைப் பாருங்கள். இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அதில் இருக்கிற பெயரே விசாவில் சர்நேம் ஆகிவிடும். முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று விழும். பிறகு ஒரு வங்கி ‘எஃப்என்யு கவிதா’ என்று எழுதும், இன்னொன்று ‘கவிதா கவிதா’ என்று எழுதும், மூன்றாவது இடத்தில் நீங்களே உங்கள் பெயரைச் சர்நேமாகப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். கிரெடிட் பதிவுகளைத் திரட்டிவைக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று பீரோக்களும் பெயர், பிறந்த தேதி, முகவரி, எண் ஆகியவற்றை வைத்துத்தான் ஆளைப் பொருத்துகின்றன. பெயர் மூன்று விதமாகப் போனால் ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல் உருவாகலாம், ஒரு கார்டு எதிலுமே ஏறாமலும் போகலாம். பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஐடின் (எஸ்எஸ்என் கிடைக்காதவர்களுக்கு வருமானவரித் துறையான ஐஆர்எஸ் தரும் எண்), இஏடி (வேலை அனுமதி அட்டை) விண்ணப்பங்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் விசாவில் உள்ள வடிவத்தையே எழுத்து பிசகாமல் எல்லா இடத்திலும் கொடுங்கள்.

அடுத்தது ஆதரைஸ்டு யூசர், அதாவது உங்கள் கார்டில் மனைவியின் பெயரைச் சேர்ப்பது. உங்களிடம் இருப்பதிலேயே பழைய கார்டு, ஒருமுறைகூடத் தவணை தவறாதது, லிமிட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் பாக்கி ஏறாதது எதுவோ அதில் சேருங்கள். எஸ்எஸ்என் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு. அப்போது பிறந்த தேதியைக் கட்டாயம் பதியச் சொல்லுங்கள். ஆதரைஸ்டு யூசர் கணக்கைப் பீரோவுக்கு அனுப்புகிறார்களா என்று வாடிக்கையாளர் சேவையில் முன்கூட்டியே கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் கையில் பிளாஸ்டிக் இருக்கும், ஹிஸ்டரி இருக்காது. நீங்கள் அந்தக் கார்டில் விமான டிக்கெட் போட்டு லிமிட்டை நிரப்பினால் அந்தச் சுமை அவர் ரிப்போர்ட்டிலும் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள்.

தனிக் கார்டுக்குப் பெரும்பாலும் எண் வேண்டும். வேலை அனுமதி இல்லாத எச்-4க்கு எஸ்எஸ்என் கிடைக்காது, ஐடின்தான் வழி. வருமானவரிக் கணக்கைக் கூட்டாகத் தாக்கல் செய்யும்போது ஐடினுக்கான டபிள்யூ-7 படிவத்தை 1040 என்ற வரிப் படிவத்துடன் இணைத்து அனுப்ப வேண்டும். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஐஆர்எஸ் அங்கீகரித்த சர்ட்டிஃபையிங் அக்செப்டன்ஸ் ஏஜென்ட் சரிபார்த்து அங்கேயே திருப்பித் தருவார். ஐஆர்எஸ் சொல்லும் கால அளவு 7 வாரம். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடிய 9 முதல் 11 வாரம். உங்களுக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) அப்ரூவ் ஆகியிருந்தால் மனைவி எச்-4 இஏடிக்கே விண்ணப்பிக்கலாம். இஏடிக்கான ஐ-765 படிவத்திலேயே எஸ்எஸ்என் வேண்டும் என்று குறித்துவிட்டால் தனியாக அலைய வேண்டியதில்லை.

“அவருக்குத்தான் சம்பளமே இல்லையே, வருமானம் என்ற கட்டத்தில் என்ன போடுவது?” என்பது பலரையும் தடுக்கும் கேள்வி. 21 வயது நிறைந்தவர் தன் கைக்கு நியாயமாக எட்டக்கூடிய வருமானத்தைக் காட்டலாம் என்று 2013இல் விதி திருத்தப்பட்டது. கூட்டுக் கணக்கில் விழும் உங்கள் சம்பளம் இதில் அடங்கும். எனவே வந்தவுடன் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட் திறந்துவைப்பது நல்லது. வீட்டை நடத்துகிறவர் கட்டத்தில் பூஜ்யம் போட்டு நிராகரிப்பு வாங்கத் தேவையே இல்லை.

முதல் கார்டு செக்யூர்டு கார்டாக இருக்கட்டும். நாம் கட்டும் டெபாசிட்டுக்கு ஏற்ப லிமிட் தருவார்கள்; பெரும்பாலும் 200 டாலரில் தொடங்கும். கேபிடல் ஒன் ஐடினை ஏற்கிறது. அதன் பிளாட்டினம் செக்யூர்டில் 200 டாலர் லிமிட்டுக்கு, விண்ணப்பதாரரைப் பொறுத்து 49, 99 அல்லது 200 டாலர் டெபாசிட் கேட்பார்கள். பாக்கியில்லாமல் மூடினாலோ சாதாரணக் கார்டாக மாற்றினாலோ டெபாசிட் திரும்பி வரும். ப்ரீபெய்டு கார்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது பீரோவுக்கே போகாது. மனைவி இந்தியாவில் கிரெடிட் கார்டோ லோனோ ஒழுங்காகக் கட்டியவர் என்றால், அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் விண்ணப்பிக்கும்போது வெளிநாட்டுக் கிரெடிட் பதிவை எடுத்துத் தரும் நோவா கிரெடிட் நிறுவனம் வழியாக அந்த வரலாற்றைக் காட்டலாம். கிடைத்துவிட்டால் டெபாசிட் கட்டும் வேலையே இல்லை.

கார்டு வந்த பிறகு பலர் தடுமாறுவது லிமிட்டில்தான். 200 டாலர் கார்டில் இந்தியன் ஸ்டோருக்கு ஒருமுறை போய் அரிசி மூட்டை, பருப்பு, காய்கறி என்று 150 டாலருக்கு வாங்கினால் 75 சதவீதம் நிரம்பிவிடும். ட்யூ டேட்டில் முழுதாகக் கட்டினாலும் பீரோவுக்குப் பொதுவாகப் போவது ஸ்டேட்மென்ட் மூடும் நாளில் இருந்த பாக்கி. ஸ்டேட்மென்ட் 12ஆம் தேதி மூடுகிறது என்றால் 9ஆம் தேதியே 135 டாலரைக் கட்டிவிடுங்கள். மீதி 15 டாலர் ஸ்டேட்மென்ட்டில் வரட்டும், அதை ஆட்டோபே முழுதாகக் கட்டட்டும். கடன் தருபவர்கள் பரவலாகப் பார்க்கும் ஃபைகோ ஸ்கோரில் ஒழுங்காகக் கட்டுவதற்கு 35 சதவீதம், பாக்கியின் அளவுக்கு 30 சதவீதம். பாக்கி வைத்து வட்டி கட்டினால் ஸ்கோர் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வட்டி முழுக்க வீண்.

மொபைல் பில் ஒன்றை மட்டும் அந்தக் கார்டில் கோத்துவிட்டு ஆட்டோபே போட்டுவைப்பது எல்லாவற்றையும்விட எளிது. ஆனால் ஆட்டோபேயில் ‘மினிமம்’ என்று இருந்தால் ‘ஸ்டேட்மென்ட் பேலன்ஸ்’ என்று மாற்றுங்கள். 30 நாள் தாண்டிய தாமதம் ஏழு ஆண்டு ரிப்போர்ட்டில் நிற்கும். புதிய ஃபைலில் அந்த ஒன்று போதும், மேலே வரவிடாது.

சொந்தக் கணக்கு திறந்து ஆறு மாதம் ஆன பிறகே அதை வைத்து ஃபைகோ ஸ்கோர் பிறக்கும். அதுவரை கடை கவுன்டரில் நீட்டும் ஸ்டோர் கார்டு எதற்கும் தலையாட்ட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவையுங்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் இரண்டு ஆண்டுக்கு ரிப்போர்ட்டில் தெரியும். ஆறு மாதம் கழித்து, கார்டு கிடைக்க வாய்ப்புண்டா என்று முன்கூட்டியே காட்டும் ப்ரீ-அப்ரூவல் பக்கத்தில் பார்த்துவிட்டு, ஆண்டுக் கட்டணம் இல்லாத சாதாரணக் கார்டு ஒன்றுக்குப் போகலாம்.

பின்னால் எஸ்எஸ்என் வந்ததும் ஐடின் கொடுத்த ஒவ்வொரு கார்டு நிறுவனத்துக்கும் புது எண்ணைத் தெரிவியுங்கள். மூன்று பீரோக்களுக்கும் எஸ்எஸ்என் கார்டு நகல், ஐடின் கடித நகல், முகவரிச் சான்று வைத்துத் தபால் எழுதி இரண்டு எண்களின் பதிவுகளையும் ஒரே ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஐஆர்எஸ்ஸுக்கும் தனியாக எழுத வேண்டும். இரண்டு மாதம் கழித்து ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காமில் மூன்று ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுத்து, பழைய கார்டு மூன்றிலும் இருக்கிறதா என்று மனைவியும் நீங்களும் உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். ஒன்றில் விடுபட்டிருந்தால் அந்தப் பீரோவுக்கு மட்டும் மறுபடி எழுதினால் போதும்.