உளவியல் படிக்கலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததிலிருந்து உளவியல் படிப்பைப் பற்றிப் பலர் கேட்டு வருகிறீர்கள். நான் மருத்துவ உளவியலாளர். மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் இருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

வணிகவியல் பிரிவில் படித்தேன். உயிரியல் தெரியாமல் உளவியலில் சேர முடியுமா? அங்கே என்னதான் சொல்லித் தருவார்கள்?

சேரலாம். பெரும்பாலான கல்லூரிகள் எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுத்துக்கொள்கின்றன. மூளை, நரம்பு மண்டலம் பற்றிய பாடங்களுக்கு முதல் ஆண்டில் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தவர் மனத்தைப் படிக்கக் கற்றுத் தருவார்கள் என்ற எதிர்பார்ப்போடு வராதீர்கள். கற்றல், நினைவு, வளர்ச்சி, ஆளுமை, சமூக உளவியல், பிறழ்நிலை உளவியல் (மனநோய்களைப் பற்றியது), புள்ளியியல், ஆய்வு முறைகள் ஆகியவைதான் பாடங்கள். கூடவே ஆய்வகம் உண்டு. முல்லர்–லயர் சோதனையைச் செய்யாத உளவியல் மாணவரைக் காண்பது அரிது. ஒரு பலகையில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்றின் இரு முனைகளிலும் சிறகுகள் உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். ஒரு கோட்டின் நீளத்தை மாற்றும் நகரும் பட்டையை இழுத்து, இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தும்படி எதிரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். உண்மையான நீளத்திலிருந்து அவர் எத்தனை மில்லிமீட்டர் விலகினார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வலமிருந்து, இடமிருந்து, நீட்டிக்கொண்டே வந்து, குறைத்துக்கொண்டே வந்து என்று பலமுறை செய்து சராசரி எடுக்க வேண்டும். சிறகுகளால் ஒரு கோடு நீளமாகத் தெரியும், உண்மை தெரிந்த பிறகும் கண் ஏமாறும். பொறுமையாக அளந்து பார்க்கும் இந்தப் பழக்கம் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலாளர் வில்ஹெல்ம் வூண்ட் திறந்த ஆய்வகத்திலிருந்து வருகிறது. இது பிடித்துப்போனால் உளவியலும் உங்களுக்குப் பிடித்துப்போகும்.

கணக்கு என்றாலே எனக்குப் பயம்.

புள்ளியியலைத் தவிர்க்க முடியாது. ஆனால் கூட்டிப் பெருக்கும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை, வந்த விடைக்கு என்ன பொருள் என்று புரிந்துகொள்வதுதான் உங்கள் வேலை. பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

மகள் உளவியல் படிக்க ஆசைப்படுகிறாள். "பைத்தியங்களோடு என்ன வேலை?" என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். வேலைவாய்ப்பு எப்படி? (மதுரையிலிருந்து ஒரு தாய்)

அம்மா, முதலில் அந்தச் சொல்லை வீட்டில் புழங்க விடாதீர்கள். மனநலப் பிரச்சினைகளுக்கு உதவி நாடி வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்க்கொண்டே சிகிச்சை பெறுகிறவர்கள். உங்கள் உறவினர்களின் வீடுகளிலும் அப்படி ஒருவர் யாரிடமும் சொல்லாமல் இருக்கக்கூடும்.

வேலை உண்டு. ஆனால் இளநிலைப் பட்டத்தோடு நின்றால் நிறுவனங்களின் மனிதவளத் துறை, தொண்டு நிறுவனங்களின் களப்பணி, ஆய்வு உதவியாளர் போன்ற தொடக்க நிலை வேலைகள்தான் கிடைக்கும். முதுநிலை முடித்தால் பள்ளி, கல்லூரி ஆலோசகர், போதை மீட்பு மையம், சிறப்புக் குழந்தைகளுக்கான மையம், பணியாளர் தேர்வு, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வு என்று வழிகள் விரிகின்றன. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் வழங்கியது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால் பள்ளிகளில் மட்டுமே ஏராளமானோர் தேவைப்படுவார்கள். ஆகவே குறைந்தது ஐந்தாண்டுப் படிப்பு என்று கணக்கிட்டு மகளைச் சேர்த்துவிடுங்கள்.

பி.எஸ்சி. இறுதியாண்டு படிக்கிறேன். முடித்ததும் ஆலோசனை மையம் திறக்கலாமா? ஆறு வார டிப்ளமோ முடித்த ஒருவர் எங்கள் ஊரில் "சைக்காலஜிஸ்ட்" என்று பலகை மாட்டி நன்றாகச் சம்பாதிக்கிறார்.

வேண்டாம் தம்பி. இன்று வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்.

சோர்வு, எதிலும் ஆர்வமில்லை, எடை கூடுகிறது என்று ஒரு பெண் வருகிறார். மனச்சோர்வு என்று நீங்கள் முடிவு கட்டிப் பேச்சுச் சிகிச்சை தொடங்குகிறீர்கள். அவருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால்? "படிப்பு ஏறவில்லை" என்று ஒரு சிறுவனை அழைத்து வருகிறார்கள். பார்வைக் குறைவா, செவித்திறன் குறைவா, கற்றல் குறைபாடா, வீட்டில் அடி விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்காமல் அறிவுரை சொன்னால் அவனுக்கு ஓராண்டு வீணாகும். தற்கொலை எண்ணம் உண்டா என்பதை நேரடியாகக் கேட்கவே நடுக்கமில்லாத குரல் வேண்டும். இவையெல்லாம் நோயாளிகளுக்கு முன் உட்கார்ந்து, எழுதிய குறிப்பை மூத்தவர் அடித்துத் திருத்தி, மறுபடி உட்கார்ந்து பழகியே வரும்.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. மருத்துவ உளவியலாளர் என்பதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வரையறை தந்திருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற தகுதி வேண்டும், அதன் பதிவேட்டில் பெயர் வேண்டும். இதுவரை அதற்கான முக்கிய வழி, முதுநிலைக்குப் பின் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் அதற்குக் கடும் போட்டி இருந்தது. எம்.ஃபில். பட்டமே கைவிடப்பட்டதால், மருத்துவ உளவியலில் அதைத் தொடரத் தந்த விலக்கும் 2025–26 சேர்க்கை வரைதான். அதற்கு ஈடாக நான்காண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ், இரண்டாண்டு எம்.ஏ. என மருத்துவ உளவியலிலேயே புதிய படிப்புகளைக் கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது. நீங்கள் விரும்பும் கல்லூரியின் பெயர் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை, எத்தனை இடங்களுக்கு என்று இணையதளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். "அங்கீகாரம் வந்துகொண்டிருக்கிறது" என்ற வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

மனநல மருத்துவரும் உளவியலாளரும் ஒன்றுதானே?

இல்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் உளவியல் சோதனைகள் நடத்துவார், பேச்சு வழிச் சிகிச்சை அளிப்பார். பல நோயாளிகளுக்கு இருவரும் தேவை.

வயது 34, ஐ.டி. துறையில் இருக்கிறேன். வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் படிக்கலாமா?

அந்த வழி அடைபட்டுவிட்டது. 2021-ஆம் ஆண்டின் சார்பு மருத்துவத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. உளவியலும் அதில் அடங்கும். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் இது நடைமுறை. இப்போதும் இணைய வழிப் பட்டம் தருவதாக யாராவது விளம்பரம் செய்தால் விலகி நில்லுங்கள்.

வேறு பட்டதாரிகளையும் எடுத்துக்கொள்ளும் நேரடி முதுநிலைப் படிப்புகள் சில பல்கலைக்கழகங்களில் உண்டு, விசாரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: உங்களை ஈர்ப்பது சிகிச்சையா, மனித நடத்தையா? நடத்தை என்றால், மென்பொருளைப் பயன்படுத்துவோர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆராயும் பயனர் ஆய்வுத் துறை உங்கள் அலுவலகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. உங்கள் அனுபவம் அங்கே வீணாகாது.

எனக்கே பதற்ற நோய் இருக்கிறது. என்னைப் புரிந்துகொள்ளவே இதைப் படிக்க நினைக்கிறேன். தவறா?

தவறே இல்லை. உங்களைப் போன்ற பலர் இந்தத் துறையில் அருமையாகப் பணியாற்றுகிறார்கள். ஆனால் வகுப்பறை உங்களுக்குச் சிகிச்சை ஆகாது. பிறழ்நிலை உளவியல் பாடத்தில் வரும் ஒவ்வொரு நோயும் தனக்கு இருப்பதாகப் பல மாணவர்களுக்குத் தோன்றும், ஏற்கெனவே பதற்றம் உள்ளவரை அது இன்னும் வாட்டும். சிகிச்சையை இப்போதே தொடங்குங்கள், படிப்பு முழுவதும் விடாதீர்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தமிழ் வழியில் படித்த கிராமத்து மாணவி நான். புத்தகமெல்லாம் ஆங்கிலமாமே?

ஆம், முதல் ஆண்டு சிரமப்படுவீர்கள். ஒவ்வொரு பாடத்தையும் படித்து முடித்ததும் தோழிக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். சொல்ல வராத இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம்.

மருத்துவமனைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். நெஞ்சில் பாரம், உடம்பெல்லாம் எரிச்சல், தலைக்குள் ஏதோ ஊர்கிறது என்று உடம்பின் வழியாகவே நம் மக்கள் துயரத்தைச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் வளர்ந்த உங்களுக்கு, அவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது சட்டென்று பிடிபடும். மாநகரங்களில் ஆங்கிலத்தில் ஆலோசனை தரப் பலர் இருக்கிறார்கள். மாவட்டங்களில் நம் மொழியில் கேட்டுச் சிகிச்சை தரும் ஆள் போதவில்லை. நீங்கள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சேருமுன் கல்லூரியில் என்னென்ன விசாரிக்க வேண்டும்?

ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அலமாரியில் கருவிகள் தூசி படிந்திருந்தால் அது உங்களுக்கான விடை. நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் உளவியலிலேயே முதுநிலை படித்தவர்களா, களப்பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே மாணவரின் குறிப்பைப் படித்துத் திருத்துபவர் யார் என்று கேளுங்கள். பிறகு வாசலில் நின்று இறுதியாண்டு மாணவர்கள் இருவரிடம், முதல்வர் அறையில் சொன்னதெல்லாம் உண்மையா என்றும் கேட்டுவிடுங்கள்.