மூன்றாவது பகுதியில் டாக்டர் ஏன் வேறு ஆள்?

வணக்கம் நண்பரே. 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசனில் மூன்றாவது பகுதிக்கு வந்ததும் டாக்டர் வேறு ஆளாக இருக்கிறார், கப்பல் அதிகாரி ஸ்பாக் மஞ்சள் சட்டையில் வருகிறார், கல்லறைக் கல்லில் கேப்டனின் பெயர் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று இருக்கிறது, வாங்கிய டிஸ்க்கில் ஏதும் தவறா என்று கேட்டிருந்தீர்கள். டிஸ்க் சரிதான்.

அது 1965-இல் எடுத்த இரண்டாவது பைலட், அதாவது தொடர் தொடங்கும் முன் எடுக்கும் மாதிரிப் பகுதி. என்பிசி தொலைக்காட்சி அதை 1966 செப்டம்பர் 22 அன்று மூன்றாவதாக ஒளிபரப்பியது. இடையில் சீருடை மாறியது, டாக்டராக மெக்காய் வந்தார், கிர்க்கின் பெயரில் 'ஆர்' போய் 'டி' ஆனது. அதனால் இதை முதலில் பாருங்கள். அப்புறம் 'தி கார்போமைட் மனூவர்'. வழக்கமான பகுதிகளில் முதலில் படமாக்கியது அதுதான். அதில் தகவல் தொடர்பு அதிகாரி உஹூராவும் மஞ்சள் உடையில்தான் இருப்பார், சிவப்பு பிறகு வந்தது.

கிர்க்கின் சட்டை சில பகுதிகளில் பச்சையாகத் தெரிவதும் பிழை இல்லை. வழக்கமான சட்டையின் துணியே பச்சைதான். விளக்கிலும் ஃபிலிமிலும் அது பொன்னிறமாகப் பதிந்தது. வேறு துணியில் தைத்த சட்டைகள் அசல் நிறத்தையே காட்டின.

மெக்காயின் கருவிகளைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். 'தி மேன் டிராப்' பகுதிக்கு விநோத வடிவ உப்புக் குப்பிகள் வாங்கினார்கள். பார்ப்பவர்களுக்கு அவை உப்புக் குப்பி என்றே புரியாது என்று தோன்றவே, மருத்துவக் கருவிகளாக்கிவிட்டார்கள். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த விஷயம் இந்தக் கைவேலைதான். சர்ரென்று திறக்கும் கதவுகளைக்கூட மறைவில் நின்று ஆட்கள்தான் இழுத்தார்கள்.