மீஞ்சூர், சோழவரம் பக்கத்து நில உபயோக வரைபடம்: கேள்வி பதில்

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரைபடம் போட்டு வகுப்பது மாஸ்டர் பிளான். சென்னைப் பெருநகரின் இரண்டாம் மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. அடுத்த பிளான் 2027 முதல் 2046 வரைக்குமானது. வடக்கே குடோனும் கன்டெய்னர் யார்டும் பெருகும் நேரத்தில் இது வருவதால் நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. நகரமைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஐயா, மீஞ்சூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் புஞ்சை. சுற்றிலும் குடோன் வந்துவிட்டது. வரைபடத்தில் இன்னும் விவசாயம் என்றே இருக்கிறது. பட்டாவை மாற்றினால் போதுமா?

போதாது. நிலம் யாருடையது என்று சொல்வது பட்டா. அது வருவாய்த் துறை கணக்கு. அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதைச் சொல்வது சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் வரைபடம். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-வது பிரிவின் கீழ் உபயோக மாற்றம் கேட்டு மனுப் போட வேண்டும். பத்திரிகையில் அறிவிப்பு வரும், ஆட்சேபனை கேட்பார்கள், கட்டணமும் உண்டு. பக்கத்தில் குடோன் இருக்கிறதே என்பதை ஒரு வாதமாக வைக்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. அந்தக் குடோனுக்கே அனுமதி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட லேஅவுட்டில் மனை வாங்கலாமா?

வேண்டாம். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் தலைவருக்கு இல்லை. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது. புதிதாகப் போட்ட மனையை அதைக் காட்டி விற்பவரை நம்பாதீர்கள்.

எங்கள் கிணறு உப்பாகி ரொம்ப நாளாச்சு. வரைபடத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் அண்ணே?

என்னைக் கேட்டால், இந்தப் பகுதியில் எல்லாமே தண்ணீர்தான். 1960-களின் பிற்பகுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி கிணற்றுத் தொகுதிகளில் ஆலைகளுக்கும் நகரத்துக்கும் தண்ணீர் இறைத்தார்கள். நிலத்தடி நீர்மட்டம் இறங்க, கடல்நீர் உள்ளே பல கிலோமீட்டர் புகுந்தது. அதற்கு அப்புறம் 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது! இருந்த நல்ல தண்ணீரைத் தொலைத்துவிட்டு, கடல்நீரில் உப்பைப் பிரித்துக் குடிக்கும் கணக்கு.

ஒரு ஏரியை வரைபடத்தில் நீர்நிலை என்று காட்டினால் மட்டும் போதாது. வரத்துக் கால்வாயும், மழைநீர் பரவும் தாழ்நிலமும் சேர்ந்து திறந்த வெளியாக நிற்க வேண்டும். கொசஸ்தலையாற்றுப் படுகையில் அந்தத் தாழ்நிலத்தில்தான் இன்று மண் கொட்டி மேடாக்குகிறார்கள். ஏரி இருக்கும், அதற்குத் தண்ணீர் வராது. வெள்ளம் மட்டும் பக்கத்து ஊருக்குள் போகும். உங்கள் ஊர்க் கால்வாய் வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாங்கள் எண்ணூர் பக்கம் மீன்பிடிப்பவர்கள். பட்டா இல்லை. எங்களுக்கு இதில் என்ன பேச்சு?

நிறைய இருக்கிறது தம்பி. கழிமுகத்துக்கு, கடலோரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று வகுக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடமும் உண்டு. 1996 வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகத்தின் பெரும்பகுதி பிற்பாடு வந்த ஒன்றில் காணாமல் போய், அது பெரிய சர்ச்சையானது. இரண்டு வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வலை போடும் இடங்களையும் படகு நிறுத்தும் கரையையும் நீங்களே பெயரோடு குறித்து மனுவில் சேருங்கள். அந்தப் பெயரெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து வரைபவருக்குத் தெரியாது.

ஆட்சேபனை எப்படிக் கொடுப்பது?

புது மாஸ்டர் பிளானின் வரைவு வெளியானதும் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வரும். குறைந்தது இரண்டு மாத அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது. “எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்” என்று மொட்டையாக எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. கிராமத்தின் பெயர், சர்வே எண், இப்போதைய உபயோகம், நீங்கள் கேட்கும் உபயோகம், காரணம். கூடவே நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தின் நகல். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னது பதிவில் நிற்காது.

அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஒரு நிலம். “புது பிளானில் குடியிருப்பு ஆகிவிடும், இப்பவே வாங்கிப் போடுங்க” என்கிறார் புரோக்கர்.

வரைவில் இருப்பதே இறுதி ஆணையில் மாறலாம். இவர் வரைவுக்கும் முன்னாலேயே சொல்கிறார். இன்றைய வரைபடத்தில் விவசாயம் என்றிருந்தால் விவசாய நிலத்தின் விலைதான் கொடுக்க வேண்டும். அவருக்கு அவ்வளவு நிச்சயம் என்றால், குடியிருப்பு ஆகாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று கிரய ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.