வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கரூரிலிருந்து எழுதிய தகப்பனாருக்கு,

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. பி.ஏ. பொருளாதாரம் முடித்த மகள், ஊர்களுக்குப் போய் வளர்ச்சித் திட்டங்களில் வேலை பார்க்கணும் என்கிறாள். லண்டனில் இருக்கும் அவள் மாமா, அங்கே ஒரு வருடம் ‘சர்வதேச வளர்ச்சி’ முதுகலை படித்தால் உலக வங்கி வேலை நிச்சயம் என்கிறார். நீங்களும் வீட்டை அடமானம் வைக்கக் கிளம்பிவிட்டீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன 38 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்குக் கடன் வாங்கினால், மாதத் தவணை மட்டும் 52 ஆயிரத்தைத் தாண்டும். இந்தத் துறையில் புதிதாகச் சேர்பவரால் இங்கே வாங்கும் சம்பளத்தில் அதைக் கட்ட முடியாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாமா சொல்வது பழைய நிலவரம். பிரிட்டன் இந்தியாவுக்குத் தந்துவந்த நேரடி நிதியுதவியை 2015-இல் நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025 ஜூலையில் மூடப்பட்டது. நடுத்தர வருமான நாடாகிவிட்ட நமக்கு வருவது பெரும்பாலும் கடன்தான். வட்டியோடு திருப்பிக் கட்டுகிறோம். கடன் ஒன்றிய அரசு வழியாக வரும், திட்டத்தை மாநிலத் துறைகள் நடத்தும், ஆள் எடுப்பதும் இங்கேதான். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள்: 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி என்று பல இடங்களிலிருந்து கடன். சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடச் சாலைகளுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் ஒப்புக்கொண்டது 48.4 கோடி டாலர்.

ஐ.ஏ.எஸ்., வங்கித் தேர்வு, எம்.பி.ஏ. எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒரு வேலை இருக்கிறது. துறைக்குள் ‘சோஷியல் சேஃப்கார்டு’ என்பார்கள்; திட்டத்தால் பாதிக்கப்படும் மக்களுக்கு உரிய உதவி கிடைக்கச் செய்யும் வேலை.

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், ஓரத்தில் ஒரு டீக்கடை. புறம்போக்கு நிலம், பட்டா கிடையாது. கடன் தரும் வங்கிகளின் விதிப்படி, பட்டா இல்லை என்பதற்காக அவரைச் சும்மா அனுப்பிவிட முடியாது. கொட்டகைக்கும், போகும் பிழைப்புக்கும் உதவி தர வேண்டும். அதற்கு, குறித்த தேதிக்குள் ஒருவர் நேரில் போய்க் கடையை டேப் வைத்து அளக்கணும், போட்டோ எடுக்கணும், ரேஷன் கார்டைப் பார்க்கணும், ஒரு நாள் வியாபாரம் எவ்வளவு, கூலிக்கு எத்தனை பேர் என்று கேட்டு எழுதணும். பட்டியலில் பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காது. அப்புறம் ஊர்க்கூட்டம், புகார்ப் பதிவேடு, ஆங்கிலத்தில் அறிக்கை. உலக வங்கி 2018 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சுற்றுச்சூழல், சமூக விதிகளுக்குப் பிறகு இதைத் தட்டிக்கழிக்க வழியில்லை. டீக்கடைக்காரர் பயப்படாமல் தன் வருமானத்தைச் சொல்ல, எதிரில் நிற்பவர் அவர் ஊர்த் தமிழில் பேசத் தெரிந்தவராக இருக்கணும். அதை லண்டனில் கற்றுத்தர முடியாது.

கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாமில் வீடு வீடாகக் கணக்கெடுத்த நாட்களைப் பற்றித்தான் உங்கள் மகள் வீட்டில் ஓயாமல் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை தன் விருப்பத்தை எப்படிச் சொல்லும்?

படிக்க, திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் ஊரக வளர்ச்சி முதுகலை இருக்கிறது. ஒன்றிய அரசு நிதியில் நடப்பதால் கட்டணம் குறைவு. சென்னை எழும்பூர் சமூகப்பணிக் கல்லூரியின் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலையும் பொருந்தும். கூடவே 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தை வரிவரியாகப் படிக்கட்டும். இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளையும் பழகட்டும்.

குறையையும் சொல்லணும். இந்த வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். ஐந்தாறு வருடத்தில் திட்டம் முடியும், அப்புறம் அடுத்ததைத் தேடணும். ‘கவர்மென்ட் வேலையா?’ என்று கல்யாணத்தில் யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கேள்விக்காக அவள் படிப்பை மாற்றாதீர்கள்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். டீக்கடைக்காரர் போன்றவர்களுக்கு என்ன உதவி என்று சொல்லும் ‘மறுகுடியமர்வுத் திட்ட’ அறிக்கைகளை, தொழில் வழித்தடச் சாலைகளுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஒன்றை இறக்கி அவளிடம் கொடுங்கள். இருபது பக்கத்தில் சலித்துப்போனால் வேறு வழி பார்ப்போம். கேள்விகளோடு வந்தால் காந்திகிராமத்துக்கு விண்ணப்பம் போடுவோம். எப்படியானாலும் அடுத்த முறை அவளை அழைத்து வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவளோடு மட்டும் பேச வேண்டும்.