காலக்கணக்கை எளிமையாக்குதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலில், நேரத்தைக் கணக்கிடும் காலக்கணக்குப் பகுதி எளிமையாக்கப்பட்டதை நல்ல முன்னுதாரணம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நிரலில், வாசிக்கக் கடினமாக இருக்கிறது என்பதற்காகக் கைவைக்கலாமா? பழைய நிரலில் உள்ள ஒவ்வொரு விதிவிலக்கும் யாரோ பட்ட அடியின் பதிவல்லவா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

விதிவிலக்குகள் பட்ட அடியின் பதிவுகள் என்பது உண்மை. ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்றால் அங்கே அமைப்பே பிழையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. லினக்ஸில் நடந்தது அதுதான்.

2006க்கு முந்தைய கெர்னலில், டைமர் குறுக்கீடு, அதாவது வன்பொருள் சீரான இடைவெளியில் செயலிக்கு அனுப்பும் அழைப்பு, ஒவ்வொரு முறை வரும்போதும் நேரத்தைக் குறிப்பிட்ட அளவு கூட்டுவார்கள். அப்படிப்பட்ட ஓர் அழைப்புதான் டிக். 2.4 பதிப்பில், இன்டெல் வகைக் கணினிகளில், விநாடிக்கு 100 டிக், 2.6இல் அது 1000 ஆனது. இரண்டு டிக்குகளுக்கு இடையில் யாராவது நேரம் கேட்டால், செயலிக்குள் ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும் கவுண்ட்டரைப் படித்து இடைப்பட்ட நேரத்தை மதிப்பிட்டுச் சேர்ப்பார்கள். அதாவது நேரத்தைச் சொல்ல இரண்டு சாட்சிகள் இருந்தன, இரண்டும் ஒத்துப்போயாக வேண்டும். அவை ஒத்துப்போகவில்லை. ஏதோ ஒரு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) குறுக்கீடுகளை ஒரு மில்லிவிநாடிக்கு மேல் தடுத்து வைத்தால் டிக் தொலைந்துபோகும். தொலைந்த டிக்கை ஊகித்துச் சேர்க்க ஒரு நிரல் எழுதப்பட்டது. மின்சிக்கனத்துக்காகச் செயலியின் வேகம் மாறியபோது கவுண்ட்டரின் வேகமும் மாறியதால் அந்த ஊகமும் பொய்த்தது. இன்னொரு பக்கம், வலையமைப்பு வழியாகக் கணினியின் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி, கடிகாரத்தை மெதுவாக்கும்போது டிக்கின் அளவு மட்டும் குறையும், இடைநேர மதிப்பீடு குறையாது. ஆகவே அடுத்த டிக்கில் நேரம் பின்னோக்கிச் செல்லும் அபாயம் இருந்தது. அதைத் தடுக்க மதிப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, காலம் பின்னால் போவதைவிடத் துல்லியம் சற்றுக் குறைவதே மேல் என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாடு ஒவ்வொரு செயலி வகைக்கும் தனித்தனியே, சிறுசிறு வேறுபாடுகளுடன் இருந்தது. நீங்கள் மதிக்கச் சொல்லும் விதிவிலக்குகள் இவைதாம்.

கெர்னல் நிரலாளர் ஜான் ஸ்டல்ட்ஸ் முன்வைத்து 2006இல் 2.6.18 பதிப்பில் சேர்ந்த மாற்றம், அந்த இரண்டு சாட்சிகளில் ஒன்றை நீக்கியது. இனி நேரத்துக்கு ஆதாரம் கவுண்ட்டர் மட்டுமே. கடைசியாகக் கணக்கு வைத்த கணத்திலிருந்து கவுண்ட்டர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி, பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்தினால் நானோவிநாடி கிடைத்துவிடும். என்டிபி திருத்தம் அந்தப் பெருக்கெண்ணிலேயே செய்யப்படுவதால் இடைநேரமும் அதே வேகத்தில் ஓடுகிறது. டிக் தாமதமாக வந்தாலும் நேரம் கெடாது, கவுண்ட்டர் ஒரு முழுச்சுற்று முடிப்பதற்குள் வந்தால் போதும்; செயலிக்கு வெளியே, தாய்ப்பலகையில் உள்ள 24 பிட் கவுண்ட்டரான ஏசிபிஐ டைமருக்கு அந்தச் சுற்று ஏறத்தாழ 4.7 விநாடி. தாமஸ் க்ளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் 2007இல், 2.6.21 பதிப்பில், வேலையில்லாத நேரத்தில் டிக்கையே நிறுத்திவைக்கும் வசதியைக் கொண்டுவர முடிந்ததற்கும் இதுவே அடித்தளம். பழைய விதிவிலக்குகளை யாரும் அழகுக்காக அழிக்கவில்லை. அவற்றுக்குக் காரணமான நிலைமை இல்லாமல் போனதால் அவை தாமாகவே தேவையற்றுப் போயின.

உங்கள் அச்சத்துக்கும் ஆதாரம் உண்டு. 2012 ஜூன் 30 நள்ளிரவில் ஒரு லீப் விநாடி (பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தை ஒத்துவைக்கக் கூட்டப்படும் விநாடி) சேர்க்கப்பட்டபோது உலகெங்கும் லினக்ஸ் சர்வர்கள் பல, காரணமின்றிச் செயலியை முழுவேகத்தில் சுழற்றிக்கொண்டிருந்தன. காலக்கணக்குப் பகுதி அந்த விநாடியைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் டைமர் பகுதி தன்னிடம் தனியே வைத்திருந்த, கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் கடிகாரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் உள்ள வித்தியாசக் கணக்குக்கு அந்தச் செய்தி போகவில்லை. ஒரு விநாடி பிந்திப்போன பேரேட்டையும் முந்தி நிற்கும் நாட்குறிப்பையும் ஒரே கடையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பதைப் போன்ற நிலை அது. ஒரு விநாடிக்கும் குறைவாகக் காத்திருக்கச் சொன்ன டைமர்கள் உடனே முடிந்து, நிரல்கள் மீண்டும் மீண்டும் சுற்றின. தேதியை மறுபடி அமைத்தால் சரியாகிவிட்டது, ஏனெனில் அந்தச் செயல் இரு பகுதிகளையும் ஒத்திசைத்தது. பின்னர் வந்த திருத்தம், டைமர் குறுக்கீடு ஒவ்வொரு முறையும் வித்தியாசத்தைக் காலக்கணக்கிடமிருந்தே கேட்டு வாங்கும்படி செய்தது. இதைப் புதிய நிரலின் தோல்வியாக நான் பார்க்கவில்லை. எளிமையாக்கும் வேலை அந்த மூலைவரை சென்று சேரவில்லை என்றே பார்க்கிறேன்.

எங்கே கைவைக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருக்கெண் முழு எண்ணாகவே இருக்க முடியும் என்பதால், என்டிபி கேட்கும் வேகத்தை அது மிகச் சரியாகத் தர இயலாது. மிஞ்சும் பிழையைச் சேமித்துவைத்து, பெருக்கெண்ணை ஒன்று கூட்டியும் குறைத்தும் அதை ஈடுகட்டும் சில வரிகள் அங்கே உள்ளன. வாசிக்கக் கடினமான வரிகள்தாம். ஆனால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 86.4 மில்லிவிநாடி விலகிவிடும். இந்தச் சிக்கல் வன்பொருளோடும் கணிதத்தோடும் பிறந்தது, எந்த அமைப்பை மாற்றினாலும் போகாது. அந்த வரிகளைச் சுருக்கி ஒரு திருத்தம் வந்தால், உங்களோடு சேர்ந்து நானும் அதை எதிர்ப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்